ஆறு நடை ஏற: சிட்அவுட்டுக்கு வீல்சேர் லிஃப்ட் வாங்கலாமா?

கேள்வி, 12-08-2023

அப்பாவுக்கு மார்ச்சில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க ஓய்ந்துவிட்டது, இப்போது வீல்சேர்தான். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். முற்றத்திலிருந்து சிட்அவுட், அதாவது முன்திண்ணை, மூன்றடி உயரம், ஆறு நடை (படி). நான் தோஹாவில் இருக்கிறேன், வீட்டில் அம்மா மட்டும்தான். நாற்காலியோடு ஆளை ஒரு தட்டில் ஏற்றி இறக்கும் கம்பெனி லிஃப்ட் இரண்டே முக்கால் லட்சம் என்கிறார்கள். பட்டறைக்காரர் ஒருவர், கட்டட வேலைக்குச் செங்கல் ஏற்றும் வின்ச்சை வைத்து 55,000க்குச் செய்து தருகிறேன் என்கிறார். மாமா, லிஃப்ட் எல்லாம் ஆடம்பரம், ரேம்ப் (சரிவுப் பாதை) போடு என்கிறார். என் கணக்குக்கு வின்ச்தான் சரி என்று படுகிறது. அதுவும் மோட்டார், இதுவும் மோட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 13-08-2023, காலை

வின்ச் வேண்டாம் தம்பி. காரணம் அப்புறம் எழுதுகிறேன், கஞ்சி அடுப்பில் கிடக்கிறது.

13-08-2023, மதியம்

எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கம், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ளே. மாமிக்கு 2021இல் இதே பக்கவாதம், இதே வலது பக்கம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். ஒரு வருஷம் போல பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். பையன்கள் வேலைக்குப் போன நாளில் மாமி ஜன்னலோடு சரி. 2022 பிப்ரவரியில் லிஃப்ட் வைத்தோம்.

முதலில் உங்கள் மாமா சொன்ன ரேம்ப். அது ஆடம்பரம் இல்லைதான், ஆனால் இடம் வேண்டும். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு.  உங்களுக்கு மூன்றடி என்றால் 36 அடி. ஊரில் பைக் ஏற்றப் போடும் சரிவைக் காட்டி அதையும் ரேம்ப் என்பார்கள், நம்பாதீர்கள். மாமி 62 கிலோ, நாற்காலி 18 கிலோ, ஆக 80. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் ஏறக்குறைய ஏழு கிலோ பாரத்தைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். பைக் சரிவு நான்குக்கு ஒன்று. அதில் 19 கிலோ. உங்கள் அம்மாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பயம். கை நழுவினால் நாற்காலி நேராக கேட்டில் போய் நிற்கும்.

13-08-2023, இரவு

மதியம் சொன்ன 36 அடி தப்பு. சரிவு மட்டும்தான் 36. மேலே கதவு திறக்க ஒரு சமதளம், கீழே திரும்ப ஒன்று, நடுவில் மூச்சு வாங்க ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்தடி என்று வையுங்கள், மொத்தம் 51 அடி. மடக்கிப் போடலாம், ஆனால் முற்றத்தில் பாதி போய்விடும், தென்னை நின்றால் அதுவும் போகும். எங்களுக்கு முற்றமே 30 அடிதான். அதனால்தான் லிஃப்ட்.

15-08-2023

இன்று லீவு, பிள்ளைகள் வீட்டில். வின்ச் கதையை எழுதி முடித்துவிடுகிறேன்.

ஆள் ஏறும் லிஃப்ட்டுக்கும் சாமான் ஏற்றும் வின்ச்சுக்கும் வித்தியாசம் மோட்டாரில் இல்லை. ஏதாவது ஒன்று அறுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. வின்ச்சில் ஒற்றைக் கம்பிக் கயிறு. அது போனால் தட்டைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் கிடையாது. நல்ல லிஃப்ட்டில், எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றும் ஹைட்ராலிக் வகை என்றால், குழாய் வெடித்தாலும் ஒரு வால்வு தானே அடைத்துக்கொள்ளும். திருகு சுழன்று ஏற்றும் வகையில் முக்கிய நட் தேய்ந்து போனால் அடியில் இன்னொரு நட் தாங்கும். மேல்வாசல் கதவு திறந்திருந்தால் தட்டு நகராது. தட்டுக்கு அடியில் பூனையோ குழந்தையின் காலோ பட்டால் இறங்குவது நின்றுவிடும். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். பட்டறைக்காரரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் "அதெல்லாம் செஞ்சிரலாம்" என்றுதான் சொல்வார். எதை வைத்துச் செய்வீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள்.

இந்தச் சிறிய வின்ச்சுகளின் பெட்டியிலேயே ஆட்களை ஏற்றக் கூடாது என்று அச்சடித்திருக்கும். படமும் போட்டிருக்கும்.

எங்கள் ஊரில் மூன்று வீட்டில் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிணற்றுக் கயிறும் அப்படித்தான், அறுகிற நாள்வரை ஒன்றும் ஆகாது. அறுந்து வாளி உள்ளே போனால் பாதாளக்கரண்டி போட்டு எடுக்கலாம். உங்கள் அப்பாவை எதைப் போட்டு எடுப்பீர்கள்? அதோடு இது உப்புக்காற்று அடிக்கிற ஊர். கம்பிக் கயிறு வெளியே கிரீஸ் பூசிப் பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

இதற்காக, பட்டறைக்காரர்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் லிஃப்ட்டின் மேல்வாசல் கதவும் கைப்பிடியும் பட்டறையில் செய்ததுதான், கம்பெனி கொடுத்ததைவிட உறுதி.

20-08-2023

கேஸ் சிலிண்டர் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டது கிண்டலுக்காக இருக்கலாம். நாங்கள் நிஜமாகவே ஏற்றுகிறோம். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ, எங்கள் தட்டு 250 தாங்கும். சக்கை (பலாப்பழம்), மரச்சீனி மூட்டை, தம்பி மகனின் சைக்கிள் எல்லாம் ஏறியாயிற்று. மாமிக்குத்தான் கோபம். "எனக்கு வாங்கினதா, சக்கைக்கு வாங்கினதா?"

02-09-2023

விலை கேட்டிருந்தீர்கள். கம்பெனிக்காரர் சொன்னது மிஷின் விலை மட்டும். எங்களுக்கு 2022இல் ஆனது இது: மிஷின் வரியோடு 2,35,000. கீழே கான்கிரீட் தளம், கொத்தனார் கூலியோடு 22,000. சிட்அவுட் கைப்பிடிச் சுவரை வெட்டிக் கதவு வைக்க 14,000. தனி வயர், எர்த், ஷாக் அடித்தால் கட் ஆகும் பிரேக்கர், 9,500. லாரி வாடகை 8,000. கூட்டினால் 2,88,500. அதன்மேல் நான்கு மாதம் கழித்து ஷீட் கூரை 31,000, அது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். மூன்று லட்சத்தைத் தாண்டியது வீட்டுக்காரருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. அவர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

எந்த வகை என்றால், எங்களுடையது ஹைட்ராலிக். ஏறப் பம்பு, இறங்க வால்வு. திருகு வகையில் எண்ணெய் ஒழுகாது, ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். கத்திரி மாதிரி மடங்குகிற வகை விலை குறைவு, மூன்றடிக்குப் போதும், ஆனால் மடங்கினாலும் தட்டு தரையோடு தரையாக உட்காராது. ஒன்று சின்னச் சரிவு வைக்க வேண்டும், இல்லையென்றால் குழி வெட்டி உள்ளே இறக்க வேண்டும். நம் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தண்ணீர் வடிய வழியில்லாத குழி வெட்டினால் அதில் மீன் வளர்க்கலாம்.

03-09-2023

படித்துவிட்டார். மஸ்கட்டிலிருந்து காலை ஆறு மணிக்குப் போன்.

10-09-2023

சட்டென்று ஒன்று. உங்கள் அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாயிற்றா? 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று கொடுத்தால், அவர் உங்களைச் சார்ந்திருக்கும் பட்சத்தில் வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். வளைகுடாக்காரருக்கு இது உதவாது என்று தோன்றும், ஊரில் வேலை பார்க்கும் தங்கை அவரைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கு உதவும்.

27-09-2023

கூரைக் கதை. இதை எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், தப்பு என்னுடையதும்தான்.

2022 ஜூன், மழை தொடங்கின வாரம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமியை இறக்கிக்கொண்டிருக்கிறேன். தட்டில் நாற்காலி வைத்தால் கூட ஒரு ஆள் நிற்க இடம் இல்லை, அதனால் பட்டனை அழுத்திப் பிடித்தபடி நடையில் நான் நிற்கிறேன். பாதி இறங்கும்போது கரண்ட் போயிற்று. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மாமி. சொல்லிவைத்த மாதிரி மழையும் பிடித்துக்கொண்டது. அப்போது கூரை கிடையாது.

கரண்ட் இல்லாவிட்டாலும் கையால் இறக்க ஒரு வால்வு உண்டு. பொருத்த வந்த ஆள் அதை அழகாகக் காட்டினார், லீவில் வந்திருந்த வீட்டுக்காரருக்கு. நான் அப்போது அவர்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்தேன். வால்வு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்க ஆலன் கீ, அதாவது ஆறு மூலை போல்ட் கழற்றும் சாவி, வேண்டும். ஆலன் கீ எங்கே என்றால், வீட்டுக்காரரின் டூல் பெட்டியில். டூல் பெட்டிக்குப் பூட்டு. சாவி மஸ்கட்டில்.

இருபத்தைந்து நிமிஷம். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். கம்பெனி நம்பருக்கு அடித்தால் ஞாயிறு விடுமுறை என்று பதிவு செய்த குரல் பேசுகிறது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் பைக் சீட்டுக்கு அடியில் இருந்து கீ எடுத்து வந்து திறந்தான். வால்வைக் கொஞ்சம் திருப்பியதும் தட்டு மெல்ல மெல்ல இறங்கிற்று, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமி அந்த நேரம் முழுக்கச் சொன்னது ஒன்றே ஒன்று. "குடைய நேராப் பிடி பிள்ளே."

இப்போது ஆலன் கீ பெட்டியின் காலிலேயே சங்கிலி போட்டுக் கட்டிக் கிடக்கிறது. மாதம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு நானே இறக்கிப் பார்க்கிறேன், மூத்த மகளுக்கும் பழக்கியாயிற்று. தம்பி, உங்கள் அம்மாதான் அழுத்தப்போகிறார் என்றால், பொருத்தும் நாளில் அம்மா கையால் மூன்று தடவை வால்வைத் திருப்பச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

28-09-2023

இன்வெர்ட்டரில் ஓடாதா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பம்பு மோட்டார் ஒன்றரை கிலோவாட், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஃபேனும் லைட்டும் ஓட்டும் வீட்டு இன்வெர்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். பார்த்தாயிற்று. பேட்டரியிலேயே ஓடுகிற 24 வோல்ட் மாடல் உண்டு, கரண்ட் அதற்குச் சார்ஜ் போட மட்டும்தான். இன்று வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன். சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற ஊருக்கும் அதுதான் நல்லது. பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் 30, கம்பம் எல்லாம் சாய்ந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைவிருக்கும். ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது, நம் வீட்டில் மெழுகுதிரி.

11-10-2023

ஐப்பசி இடி தொடங்கப்போகிறது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். போன வருஷம் ஒரு மின்னலில் எங்கள் கன்ட்ரோல் போர்டு போயிற்று. அதற்கு முன்னால் இரண்டு மாதம் லிஃப்ட் நினைத்தபோது ஏறும், நினைத்தபோது நிற்கும். மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தால் ரிலேக்கு நடுவில் ஒரு பல்லி, கருவாடாக. இப்போது வயர் நுழைகிற ஓட்டை எல்லாம் அடைத்தாயிற்று.

துருவைப் பற்றி: பெயின்ட் அடித்த இரும்பு கடற்கரையில் இரண்டு மழை தாங்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா என்று கேளுங்கள், அது புதிதில் பளபளப்பாக இருந்தாலும் நாளாக நாளாக மங்கிய சாம்பல் நிறமாகும். துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் எந்த ரகம், 304ஆ 316ஆ என்று கேளுங்கள். 304இலும் இங்கே பழுப்புப் புள்ளி விழுகிறது. எங்களுக்குப் போனது பெரிய பாகம் எதுவும் இல்லை, தட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தும் லிமிட் சுவிட்சைப் பிடித்திருந்த நான்கு சின்ன ஸ்குரூ. சனிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கிறேன், மாமி மேற்பார்வை.

சுவிட்ச் என்றதும் நினைவு வருகிறது, ஒன்று மறந்தே போனேன். தட்டில் பட்டன் வலது பக்கம் வைத்துவிட்டார்கள். மாமிக்கு வலது கை வராது. இடப்பக்கம் மாற்ற 3,500 தனியாக வாங்கினார்கள். உங்கள் அப்பாவுக்கும் வலது பக்கம்தானே. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

30-10-2023

தம்பி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முன்பக்கத்தை விடுங்கள். மூன்றாவது படத்தில் அடுக்களைப் பக்கம் இருக்கிறதே, அங்கே இரண்டு மூன்று நடைதான் தெரிகிறது. மேடும் பள்ளமுமான மனைதானே நம் ஊரில், பின்பக்கம் மண் உயரம். அந்த இடத்தை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நடையை எண்ணாமல், வீட்டுத் தளத்திலிருந்து நேராகத் தரைக்கு.

02-11-2023

45 சென்டிமீட்டர்! அப்படியென்றால் ரேம்ப் 5.4 மீட்டர் போதும், மேலும் கீழும் சமதளம் சேர்த்தால் எட்டரை மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பின்முற்றத்தில் இடம் இருக்கிறது. ஆகஸ்டில் நான் மாமாவை அடித்துப் பேசியதற்கு இப்போது அவரிடம் மன்னிப்புச் சொல்லுங்கள். எல்லோருமே முன்வாசலையே பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டோம். நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், வீட்டுக்கு வேறு வாசல் உண்டா என்று. இருபத்தெட்டாயிரம், முப்பதாயிரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டே முக்கால் லட்சம் செலவழிக்க வைத்திருப்பேன்.

அகலம் நான்கடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்னத் திண்டு. மேலே வழவழப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம், பாசி பிடித்தால் சறுக்கும். சொரசொரப்பாகச் சிமென்டில் துடைப்பம் இழுத்தால் போதும்.

09-11-2023

அப்பா மாட்டேன் என்கிறாராம். "அடுக்களை வழியா மீன்காரி வருவா, நான் ஏன் போகணும்?"

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மாமியிடம் படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அந்த ஆள் சொல்வது சரிதான் என்றார். அவரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாராம். மூன்று லட்சம் செலவழித்தது பற்றி எனக்குள் இருந்த உறுத்தல் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தம்பி, இது உங்கள் வீட்டு விஷயம். மாமாவை விட்டுப் பேசவையுங்கள்.

04-12-2023

நேற்று கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. மாமியைக் காரில் கொண்டுபோனோம். கூட்டத்தில் நாற்காலியை உள்ளே தள்ள முடியவில்லை, தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். 2019க்கு அப்புறம் இப்போதுதான். லிஃப்ட்டில் ஏறித் திரும்பி வரும்போது இரவு பதினொன்று. அதன் பீப் சத்தத்துக்குத் தெரு நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

19-12-2023

இரண்டு நாளாக மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் என்று செய்தி, நமக்கு அவ்வளவு இல்லை. கரண்ட் இல்லை. வால்வைத் திருப்பி மாமியை இறக்கினேன், ஆனால் வால்வு இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. இது எனக்குத் தெரியும், தெரிந்தும் இறக்கினேன். கரண்ட் வரும்வரை போர்ச்சில் கார் பக்கத்தில் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சாயா குடித்தோம்.

எங்கள் தெருவில் குழி வெட்டிக் கத்திரி லிஃப்ட் வைத்தவர் வீட்டில் குழி நிறைந்து மோட்டார் போயிற்று. மீன் விஷயம் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

21-01-2024

தம்பி லீவில் வந்து ரேம்ப்பைப் போட்டே விட்டார். 34,000 ஆயிற்றாம், கைப்பிடியோடு. அந்த 55,000 பட்டறைக்காரரே கைப்பிடி செய்தாராம், நல்ல வேலை. அப்பா பத்து நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. லிஃப்ட் வைக்காதவரை வெளியே வரப்போவதில்லை என்று சிட்அவுட்டிலேயே இருந்திருக்கிறார்.

போன செவ்வாய் தேங்காய் வெட்ட ஆள் வந்திருக்கிறது. அம்மா எண்ணி 212 என்றிருக்கிறார். அப்பாவுக்கு அம்மாவின் எண்ணிக்கையில் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. "என்னை அங்கே கொண்டுபோ" என்று அவரே அடுக்களைப் பக்கம் கை காட்டினாராம். ரேம்ப் வழியாக இறங்கி, தென்னை மூட்டில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, முழுதையும் திரும்ப எண்ண வைத்திருக்கிறார்.

முன்வாசல் லிஃப்ட்டை அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்கிறார் தம்பி. 24 வோல்ட், பட்டன் இடப்பக்கம், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை கடைசியில் எவ்வளவு வந்தது என்று மாமி கேட்கிறார்.